வாசலுக்கு வரும் வாரக் கடன்: எந்தக் கம்பனியிடம் வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கிற வாரக் கடன் வெளிப்பார்வைக்கு எல்லா இடமும் ஒன்றுதான். ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் சிறு குழு, ஒரு வீட்டு விறாந்தையில் சென்டர் கூட்டம், கொப்பியில் ஒப்பம், வாரம் தவறாமல் கட்டுக்காசு என்கிற தவணைப் பணம். கடன் கொடுப்பவரின் காகிதத்தைக் கேட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இந்த மதிப்பீடு அந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

முதல் வகை, 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் மத்திய வங்கி உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகள். அடுத்தது, 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவை. இவை நாடு முழுவதற்குமே மிகச் சில. அதே சட்டத்தில் அரச சார்பற்ற நிறுவனங்களுக்குத் தனிப் பதிவு உண்டு. அதைக் கொடுப்பவர் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவாளர். கூட்டுறவுச் சங்கங்களும் சமுர்த்தி வங்கிகளும் தத்தம் சட்டங்களில் நிற்கின்றன.

சிக்கல் இவற்றுக்கு வெளியே நிற்கிற கம்பனியில். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வைப்புப் பணம் வாங்குபவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. வைப்பு வாங்காமல் சொந்தப் பணத்தையோ கடனாக எடுத்த பணத்தையோ வட்டிக்கு விடும் கம்பனிக்கு அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கி உரிமம் தேவைப்படவில்லை. அதனால் அந்தச் சட்டத்தை மட்டும் வைத்து அப்படிப்பட்ட கம்பனியைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் கணக்கை, வட்டியை, அறவிடும் முறையை மேற்பார்வை செய்ய அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு அதிகாரியும் இருக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத் தனி அதிகாரசபை அமைக்கும் சட்டமூலம் 2023இல் வர்த்தமானியில் வந்தது. "புதிய சட்டத்தில் பதிந்துவிட்டோம்" என்று சொல்பவரிடம் பதிவு இலக்கத்தையும் அது கிடைத்த திகதியையும் கேளுங்கள். உண்மையில் பதிந்தவருக்கு அதைக் காட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கூட்டத்தில் கண்ணாடி பிரேம் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் கம்பனிப் பதிவாளர் கொடுத்த சான்றிதழ். இலக்கம் 'பீவீ' என்று தொடங்கினால் அது தனியார் கம்பனி என்பது மட்டும்தான் தெரியும். வணிகப் பெயர்ப் பதிவும் பிரதேச சபையின் வியாபார அனுமதியும் அப்படித்தான்: கடை நடத்தலாம் என்கின்றன, கடன் தொழிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றையும் ஒன்றாக மாட்டி வைத்தாலும் அது நிதி உரிமம் ஆகாது.

சரிபார்ப்பது சுலபம். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெயர்ப்பலகையில் உள்ள பெயரைத் தேடாமல் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உள்ள முழுச் சட்டப் பெயரைத் தேடுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்: உரிமம் ஒரு கம்பனிக்கு, ஒப்பந்தம் அதன் சகோதரக் கம்பனியின் பெயரில், பற்றுச்சீட்டு மூன்றாவது பெயரில். மூன்றிலும் ஒரே பெயர் இல்லாவிட்டால் ஒப்பமிட வேண்டாம். இணையம் இல்லாதவர்கள் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கட்டாயச் சேமிப்பு. கட்டுக்காசோடு வாரம் 100 ரூபாய் "சேமிப்பு" என்று வாங்கினால் 52 வாரத்தில் 5,200 ரூபாய். கேட்டால் திருப்பித் தருவதாக உறுதி சொல்லி வாங்குகிற பணத்துக்கு நலநிதி, குழுநிதி என்று எந்தப் பெயர் வைத்தாலும் அதன் தன்மை வைப்புதான். கடன் மட்டும் கொடுக்கிறோம், ஆகவே உரிமம் தேவையில்லை என்று சொல்கிற கம்பனி இதை வாங்கினால் தன் வாதத்தைத் தானே உடைக்கிறது. உரிமமின்றி வைப்பு வாங்குவதை 2011ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்த ஒரு வரி கொப்பியில் இருந்தாலே இந்த மதிப்பீட்டில் அந்தக் கம்பனிக்குப் புள்ளி பூச்சியம்.

வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாய் கடன், "24 வீதம்", ஒரு வருடம். 12,000 சேர்த்து 62,000. 52ஆல் பிரித்தால் வாரம் ஏறத்தாழ 1,192. முதல் வாரத்திலிருந்தே கடன் தொகை குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் முழு 50,000க்கும் கடைசி வரை ஓடுகிறது. குறைந்துவரும் மீதியில் போட்டால் அது ஆண்டுக்குச் சுமார் 44 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,000 கழித்து 48,000 மட்டும் கையில் தந்தால் சுமார் 53 வீதம். 2018இல் மத்திய வங்கி நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீத உச்சவரம்பு வைத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "குறைந்துவரும் மீதியில் எத்தனை வீதம்? எழுத்தில் தாங்க."

மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் நெல் வேளாண்மைக்கு இந்தக் கடனை எடுப்பது எந்தக் கம்பனியானாலும் பொருந்தாது. விதைத்து மூன்றரை, நான்கு மாதம் கழித்து வெட்டினால்தான் காசு. கட்டுக்காசோ அடுத்த கிழமையே தொடங்கும். இடைப்பட்ட வாரங்களைக் கட்ட இரண்டாவது கம்பனி, அதைக் கட்ட மூன்றாவது என்று போவது அதனால்தான். தினம் காசு புரளும் இடியப்பம், மீன், சில்லறைக் கடை போன்ற தொழிலுக்கு வாரத் தவணை சரிவரும். மருதமுனைத் தறிக்கு நூல் வாங்குபவர், துணி விற்ற காசு எத்தனை நாளில் கைக்கு வரும் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

வெற்றுக் காசோலையும் வெற்று வாக்குறுதிச் சீட்டும் (கடனைத் திருப்பித் தருவேன் என்று ஒப்பமிடும் சீட்டு) கேட்கிற கம்பனியை அங்கேயே விட்டுவிடுங்கள். 1918ஆம் ஆண்டின் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிணையாக வாங்கும் வாக்குறுதிச் சீட்டில் மூன்றை எழுதச் சொல்கிறது: உண்மையில் கடனாகக் கொடுத்த தொகை, கொடுக்கும்போதே கழித்த தொகை, ஆண்டு வட்டி வீதம். அவை இல்லாத சீட்டை வைத்து வழக்குப் போட்டால் கடன் கொடுத்தவருக்கே சிக்கல். ஒப்பமிடும் முன் மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு: வங்கி, கூட்டுறவு, சமுர்த்தி கிடைக்குமென்றால் அவையே முதலில். உரிமம் பெற்ற நிதிக் கம்பனியும் நுண்நிதிக் கம்பனியும், வட்டியை எழுத்தில் தந்தால், வாங்கலாம். வட்டி மலிவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முறையிட ஒரு கதவு இருக்கிறது. முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு, பிரதி உங்களிடம்; பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். உரிமமற்ற கம்பனி விடயத்தில் மிஞ்சுவது, மிரட்டலுக்குப் பொலிஸ், தொகைத் தகராறுக்கு மத்தியஸ்த சபை அல்லது நீதிமன்றம். அங்கே போவதற்குக் கையில் ஒவ்வொரு வாரத்துப் பற்றுச்சீட்டும் வேண்டும். கொப்பியில் கலெக்ஷன்காரர் போடும் ஒப்பம் மட்டும் போதாது.