தயிருக்கும் இட்லி மாவுக்கும் ஊசி தெர்மாமீட்டர்: வாங்கலாமா?

ஊசியை உள்ளே விட்டுச் சூடு பார்க்கும் இந்தக் கருவியை வீட்டில் தயிர் தோய்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். விரலால் பார்க்கும் வெதுவெதுப்பு ஆளுக்கு ஆள் மாறும். கெட்டித் தயிர் தரும் பாக்டீரியாவுக்குத் தோதான சூடு 42 டிகிரி செல்சியஸ். 50-ஐத் தாண்டிய பாலில் உறை ஊற்றினால் அவை அடிபட்டுப்போகும், பால் பாலாகவே நிற்கும். 30-க்குக் கீழே என்றால் தோய நேரம் இழுக்கும்.

இதன் அருமை தெரிவது காய்ச்சும்போதுதான். பாலை 85 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் அதிலுள்ள மோர்ப்புரதங்கள் சுருள் பிரிந்து, பாலின் முக்கியப் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். தயிரில் தண்ணீர் பிரிவது குறையும். சூட்டை உணரும் பகுதி ஊசியின் நுனியில் இருப்பதால் பாலைக் கலக்கிவிட்டு நடுவில் பிடியுங்கள். அடியில் பட்டால் பாத்திரத்தின் சூட்டைத்தான் காட்டும்.

மிக்ஸியில் அரைத்த மாவு சூடேறிவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, 30 டிகிரியை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புளிக்க வையுங்கள்.

அளவு தவறாகக் காட்டினால் திருத்தும் பட்டன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் 0 காட்ட வேண்டும். கொதிநீரை வைத்துச் சோதித்தால் ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுங்கள்: ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், அது கருவியின் பிழையல்ல.

குறை என்றால் கைப்பிடி மூட்டுதான். குழாயடியில் காட்டிக் கழுவினால் உள்ளே நீர் இறங்கித் திரை மங்கிவிடும். ஊசியை மட்டும் துடைத்தால் போதும்.