ஜீப்பில் பழைய ராணுவ ரேடியோ: எந்த செட், எந்த வண்டிக்கு?

பெங்களூரில் பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பித்து ஓட்டும் தமிழர்களில் பலருக்கு, வண்டியின் பின்பகுதியில் அந்தக் காலத்து ராணுவ ரேடியோ ஒன்றும் இருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு, நெடிய ஆன்டெனா அசைய வண்டிகள் போவது சிறுவயதிலிருந்தே பழகிய காட்சி என்பதால் இந்த ஆசையில் வியப்பில்லை. ஆனால் செட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதைத்தான். என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டியில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, நம் உரிமம் எந்த அலைவரிசைக்கு இடம் தருகிறது, அங்கே பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் செட் தானாகவே முடிவாகிவிடும்.

உரிமத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கான உரிமம்) பெற்றவர் மட்டுமே இந்த செட்டுகளில் ஒலிபரப்பலாம். 12 வயது நிரம்பியவர்கள் இத்தேர்வை எழுதலாம். உரிமம் பெற்ற பின்பும், செட்டின் திருகு போகும் இடமெல்லாம் நாம் போக முடியாது. இங்கே ஒப்பிடும் செட்டுகளைப் பொறுத்தவரை நமக்கு முக்கியமாகப் பயன்படக்கூடியவை 7.0 முதல் 7.2 வரையும், 28 முதல் 29.7 வரையும், 50 முதல் 54 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பட்டைகள். அவற்றிலும் உங்கள் உரிமத்தின் தரத்துக்கு எது, எத்தனை வாட் வரை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து செட்டை வரவழைப்பதாக இருந்தால் அதற்கு உரிய அனுமதியைப் பணம் கட்டுவதற்கு முன்பே பெற்றுவிடுவது நல்லது.

அமெரிக்க ராணுவத்தின் ஆர்டி-524 செட்டைப் பார்த்தவர்கள் எளிதில் மனம் மாறுவதில்லை. முன்பலகையிலேயே ஒலிபெருக்கி உண்டு. அலைவரிசைத் திருகைச் சுழற்றினால் உள்ளே மோட்டார் ஓடித் தானே ட்யூன் செய்துகொள்ளும். 30 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்எம் முறையில், சுமார் 35 வாட் தரும். இதன் குறையெல்லாம் வண்டிப் பக்கத்தில்தான் தெரிகிறது. செட் மட்டுமே 25 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தாங்கும் எம்டி-1029 மவுண்ட் தனி. ஒலிபரப்பும்போது 24 வோல்ட்டில் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். நம் மகிந்திரா ஜீப்புகளும் ஜிப்ஸியும் 12 வோல்ட் வண்டிகள். கன்வெர்ட்டர் வைத்து ஏற்றிக் கொடுக்கலாமே என்றால், 12 வோல்ட் பக்கத்தில் 20 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும் என்பதோடு, மலிவான கன்வெர்ட்டர்கள் எழுப்பும் இரைச்சல் நேரே ரிசீவருக்குள் வந்துவிடும். பின்னால் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து, வீட்டில் தனியாகச் சார்ஜ் செய்து பயன்படுத்துவதே சுத்தமான வழி. அப்படிச் செய்தால் வண்டியின் வயரிங்கையும் தொட வேண்டியதில்லை. 24 வோல்ட் வண்டி வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. ஆனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் ரேடியோ அணைந்திருக்க வேண்டும் என்ற ராணுவப் பழக்கத்தை அவர் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பாயும் மின்னழுத்த ஏற்ற இறக்கம் செட்டைக் கெடுத்துவிடும்.

அதே அலைவரிசையில் பேசும் பிஆர்சி-77, முதுகில் சுமந்து செல்வதற்காக 1960-களின் பிற்பகுதியில் வந்த செட். திறன் 2 வாட் அளவுதான். ஆனால் வால்வே இல்லாத முழு டிரான்சிஸ்டர் செட் என்பதால் ஒலிபரப்பும்போதுகூட ஓர் ஆம்பியருக்குக் குறைவாகவே எடுக்கும். அதன் சொந்த பேட்டரியின் மின்னழுத்தமும் 12 வோல்ட் வண்டியின் மின்னழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒரு ஃபியூஸும் நல்ல ஃபில்ட்டரும் வைத்து பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தால் போதும். அலுமினியத் தகட்டில் ஒரு தட்டு செய்து சீட்டுக்குப் பின்னால் பொருத்திவிடலாம்.

இரண்டுக்கும் பொதுவான இரு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. இந்த செட்டுகளின் மொத்தப் பரப்பு 52.95-க்கும் 53-க்கும் இடையில் இரண்டாகப் பிரிகிறது. ஆகவே நமக்கு உரிய 50 முதல் 54 வரையிலான பட்டை அந்தப் பிளவின் இரு பக்கமும் விழுகிறது. பேசப்போகும் நண்பர்கள் அனைவரும் 53-க்குக் கீழேயே ஓர் அலைவரிசையை முடிவு செய்துகொண்டால், ஓடும் வண்டியில் பேண்ட் சுவிட்சை மாற்ற வேண்டியிராது. இரண்டாவது, யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்கெல்ச். இந்த செட்டுகள் 150 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைக் கூடவே அனுப்பி, எதிர்முனையிலும் அதையே எதிர்பார்க்கின்றன. இன்றைய ஹாம் செட்டில் 151.4 ஹெர்ட்ஸ் டோனை வைத்தால் வழக்கமாகத் திறந்துகொள்ளும். இதை அறியாதவர்கள், ஸ்கெல்ச் போட்டதும் செட் ஊமையாகிவிட்டது என்று எண்ணி, நல்ல செட்டைப் பிரித்துப்போடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஒயர்லெஸ் செட் நம்பர் 19 முற்றிலும் வேறு வகை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் வடிவமைப்பு. கனடாவிலும் பெருமளவில் தயாரித்தார்கள். சோவியத் யூனியனுக்கும் அனுப்பினார்கள் என்பதால் கனடா செட்டுகள் பலவற்றின் முன்பலகையில் ஆங்கில எழுத்துக்குக் கீழே ரஷ்ய எழுத்தும் இருக்கும். மூன்று செட்டுகளிலும் வயதில் மூத்த இதுவும் 12 வோல்ட் வண்டியில் இயல்பாக வேலை செய்யும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும் இதன் முதன்மைப் பகுதிக்குள் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதும் அடங்குகிறது. காலை வேளையில் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று தென்னிந்திய ஹாம்கள் கூடிப் பேசுவது அந்தப் பட்டையில்தான். 50 மெகாஹெர்ட்ஸிலோ நாமே ஒரு நண்பரைப் பேசிவைத்துக்கொண்டு உட்கார வேண்டும். திறன் சில வாட்தான் என்றாலும், அங்கே கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். இன்றைய ஹாம்கள் இந்தப் பட்டையில் குரலுக்குப் பயன்படுத்தும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேசுபவர்களைக் கேட்க, இதிலுள்ள ஹெட்டரோடைன் டோன் திருகை மெதுவாக நகர்த்தினால் குரல் தெளிவடையும்.

ஆனால் இதற்கு உழைப்பு அதிகம். சப்ளை யூனிட்டில் சுழலும் டைனமோட்டார் 500 வோல்ட் அளவுக்கு உருவாக்குகிறது. அது உயிரைப் பறிக்கக்கூடியது. டைனமோட்டார் கிளம்பும் நொடியில் பெரும் மின்சாரம் இழுக்கும் என்பதால் மெல்லிய வயர் உதவாது. எண்பது வருடப் பழைய காகிதக் கபாசிட்டர்களை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. மாற்றுக் கபாசிட்டர்கள் எஸ்.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கும். 229 முதல் 241 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் அதன் ‘பி’ பகுதி ஹாம் பட்டைக்குள் வராததால் அதைத் துண்டித்துவிட வேண்டும். ஆன்டெனாவும் சமரசம்தான்: கம்பி நன்றாக வேலை செய்யத் தேவைப்படும் கால் அலை நீளம் 50 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸிலோ 10 மீட்டருக்கும் மேல். ஜீப்பில் நிற்கக்கூடிய கம்பியை வேரியோமீட்டர் என்ற இசைவுச் சுருள் கொண்டு இசைத்தாலும், சக்தியில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். கேம்ப் போகும் இடத்தில் வண்டியை நிறுத்தி, மரத்தில் கம்பி கட்டிப் பேசுவது இந்த செட்டுக்கு ஏற்ற முறை.

இரைச்சலையும் கணக்கில் கொள்ள வேண்டும். எஃப்எம் செட்டுகள் இன்ஜினின் ஸ்பார்க் இரைச்சலைப் பெருமளவு அடக்கிவிடும். 19-ஆம் நம்பர் செட்டில் ஒவ்வொரு பொறியும் காதில் விழும். ஆகவே டீசல் எம்.எம். 540 வைத்திருப்பவர் பெட்ரோல் ஜீப்காரரைவிடக் கொடுத்துவைத்தவர். இரண்டிலுமே இன்ஜினுக்கும் சேசிஸுக்கும், பானட்டுக்கும் பாடிக்கும் பட்டையான எர்த் பின்னல்களைப் போடுவது பலன் தரும்.

சோவியத் டாங்கிகளிலிருந்து வந்த ஆர்-123எம் செட்டையும் சிலர் கேட்கிறார்கள். 20 முதல் 51.5 மெகாஹெர்ட்ஸ் வரை செல்வதால் 28 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் கிடைக்கும், சுமார் 20 வாட் வரும். ஆனால் 26 வோல்ட், வால்வுகள், அதற்கே உரிய பவர் யூனிட், தொண்டையில் கட்டும் மைக் என்று ஒவ்வொன்றையும் தேடி அலைய வேண்டியிருப்பதால், ஜீப்புக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

12 வோல்ட் ஜீப்பில் முதன்முறையாக ரேடியோ வைப்பவர், தன்னைப் போலவே ஆர்வமுள்ள இன்னொரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு, இருவரும் ஆளுக்கொரு பிஆர்சி-77 வாங்கட்டும். நந்தி மலைப் பயணத்தில் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையே பேச 2 வாட் தாராளம். சாலிடரிங் அயர்னைப் பிடிக்கத் தெரிந்து, பொறுமையும் உள்ளவர் 19-ஆம் நம்பர் செட்டுக்குப் போகலாம். ஆர்டி-524 செட் 24 வோல்ட் வண்டிக்காரருக்கே. எதை வாங்கினாலும் பவர் கேபிள், மவுண்ட், ஹேண்ட்செட், ஆன்டெனா அடிப்பகுதி ஆகியவற்றைச் செட்டோடு சேர்த்தே விலை பேசுங்கள். ஆர்டி-524 என்றால், அதன் ஆன்டெனாவைத் தானே இசைக்கும் கன்ட்ரோல் கேபிளையும் மறக்காமல் கேளுங்கள். அந்த ஒரு கேபிள் இல்லாவிட்டால், அலைவரிசைப் பிரிவு மாறும்போதெல்லாம் இறங்கிப்போய் ஆன்டெனா அடியிலுள்ள திருகைக் கையால் மாற்ற வேண்டிவரும்.