ராஜஸ்தான் பாலைவன கான்வாய் என்று பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

முந்தாநாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. ராஜஸ்தான் பாலைவன கான்வாய் (கார்கள் வரிசையாகச் சேர்ந்து போகும் பயணம்), நீங்களே ஓட்டலாம், 9 நாள், இன்னும் சில இடங்களே உள்ளன என்று. பின்னால் மணல் மேட்டில் நான்கு மஹிந்திரா தார் ஜீப்புகள் வரிசையாக நிற்கிற படம். அந்தப் படத்தை எடுத்தது நான். அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டி ஏமாந்த 14 பேரில் நானும் ஒருவன், அது மட்டுமில்லை, அந்த 14 பேரிடமும் பணத்தை வாங்கி ஏற்பாட்டாளரிடம் அனுப்பியவனும் நான்தான். இதுவரை குழுவுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருந்தோம். அதே ஆள் அதே படத்தைப் போட்டு மறுபடி வசூலுக்கு இறங்கியிருக்கிறார் என்றால் இனி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

நாங்கள் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்து இப்போது தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியிருக்கிற, பழைய காடி (கார்) என்றால் உயிரை விடுகிற ஒரு கூட்டம். பழைய புரோட்டோன் சாகா, டட்சன் 120ஒய், ஒரு மினி, இரண்டு வால்வோ. என்னுடையது அப்பா வைத்திருந்த 1987 சாகா. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு சிம்பாங் பூலாய் வழியாக கேமரன் மலை ஏறுவோம், நீண்ட விடுமுறை வந்தால் கிரிக் போய் அங்கிருந்து ஜெலி வரை. முன்னால் ஒரு காடி, கடைசியில் கருவிப் பெட்டியோடு ஒரு காடி, நடுவில் யார் நின்றாலும் எல்லாரும் நிற்க வேண்டும். இதுதான் எங்கள் கான்வாய் சட்டம்.

ராஜஸ்தான் ஆசையை வளர்த்தது எங்கள் லாரி மாமா. 63 வயது. 31 வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம்கூட இல்லாத ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும் தம்பி என்று எப்போதும் சொல்லுவார். வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கமும் செம்பனை நிற்கிற மண் ரோட்டிலேயே ஓட்டிய மனிதருக்கு அந்த ஆசை வந்ததில் ஆச்சரியமே இல்லை.

அந்த நேரத்தில்தான் இந்த ஏற்பாட்டாளர் எங்களுக்கு அறிமுகமானார். வேறோர் ஊர் காடிக் குழுவில் இருப்பவர், நம்மவர், நன்றாகப் பேசுவார், எல்லாரையும் பிரதர் என்பார். டில்லியில் இறங்கி ஜெய்ப்பூர், அங்கிருந்து பிக்கானேர், ஜெய்சால்மர், ஜோத்பூர், மறுபடி ஜெய்ப்பூர். 7 தார், எல்லாமே ஃபோர் பை ஃபோர், காடிக்கு இருவர், பின்னால் மெக்கானிக்கோடு ஒரு வண்டி, ஆளுக்கொரு வாக்கிடாக்கி, ஜெய்சால்மர் கோட்டைக்குள்ளேயே இரண்டு இரவு தங்கல். விமான டிக்கெட் சேர்த்து தலைக்கு 5,800 வெள்ளி. 14 பேருக்கு 81,200 வெள்ளி. தீபாவளி போனஸில் பாதியைக் கட்டியவர்கள் உண்டு. லாரி மாமா இபிஎஃப் எனும் சேமநிதிப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினார்.

இங்கே நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் போனது ஒரு கம்பெனி கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்தப் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்கு. கேட்டேன். கம்பெனி கணக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் பிரதர், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். நானும் விட்டுவிட்டேன். நம் நாட்டில் வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்து விற்க வேண்டும் என்றால் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் வேண்டும். அந்த எண் கேபிகே எல்என் என்று தொடங்கும், அமைச்சின் இணையதளத்தில் பெயரைத் தட்டினாலே லைசென்ஸ் இருக்கிறதா, அது வெளிநாட்டுப் பயணத்துக்கானதா என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. நான் பார்த்தது திரும்பி வந்த பிறகு. அவர் பெயரிலும் இல்லை, போஸ்டரில் இருந்த கம்பெனிப் பெயரிலும் இல்லை.

எங்கள் ஊருக்கு இது ரொம்பவே வலிக்க வேண்டிய விஷயம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அவர் பிறந்த ஊர் இது. என் தாத்தா கட்டிய பணத்துக்கான ரசீதுகளை ஒரு பால்மாவு டின்னில் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். பேரன் நான் 81,200 வெள்ளியைக் கட்டிவிட்டு கையில் வைத்திருந்தது வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படம்.

சரி, போனோம். போன டிசம்பரில். ஜெய்ப்பூரில் காடி ஒப்படைக்கிற இடம் என்று கூட்டிப்போனது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த காலி மனை. 7 காடி இல்லை, 4 தான் நின்றன. மற்ற மூன்றும் பிக்கானேரில் வந்து சேர்ந்துகொள்ளும் என்று அங்கிருந்த ஆள் சொன்னான். அவை கடைசிவரை வரவே இல்லை. 14 பேர் நான்கு தாரில் நெருக்கி உட்கார்ந்தால் ஒரு பெட்டி வைக்கக்கூட இடம் கிடையாது, பெட்டிகளுக்காக ஒரு சின்ன வேனை எங்கள் கைக்காசில் பிடித்தோம்.

நான்கிலும் நம்பர் பிளேட் வெள்ளை. இதைத்தான் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் சொந்த உபயோகக் காடிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடுகிற காடிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. நம் ஊரில் டாக்சி நம்பர் எச் என்று தொடங்குவது போல, பார்த்தவுடனே தெரிந்துவிடுகிற அடையாளம். வெள்ளைப் பலகைக் காடியை வாடகைக்கு விடுவது அங்கே சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம், போலீஸ் நிறுத்தினால் காடியைப் பறிமுதல் செய்யலாம். எனக்கு இது அங்கே போவதற்கு முன்பே ஓரளவு தெரியும், தெரிந்தும் அந்தக் காலை நேரத்தில் 13 பேர் ஆசையோடு நிற்கும்போது வாயைத் திறக்கவில்லை. ஏற்பாட்டாளருக்கு போன் போட்டேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க பிரதர், யாராவது கேட்டால் நண்பரோட காடின்னு சொல்லிடுங்க என்றார். ஒருத்தர் உங்களைப் பொய் சொல்லச் சொல்லி ஒரு காடியைக் கொடுக்கிறார் என்றால் அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை.

லாரி மாமா அதற்குள் குனிந்து டயர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். டயர் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நான்கு எண்கள் அது எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று சொல்லும். ஒரு காடியின் பின் டயரில் அவர் கட்டைவிரலால் மண்ணைத் துடைத்துக் காட்டிய எண் 3117. 2017ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். இந்த மாடல் தார் விற்பனைக்கு வந்ததே 2020இல், அப்படியென்றால் வேறு ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது. டயரின் பள்ளக்கோடுகளுக்குள் நகத்தை வைத்தால் வெடிப்பு தெரிந்தது. "தம்பி, இது செத்துப்போன டயர்" என்றார். ஸ்பேர் டயரை எடுத்து மாற்றிக்கொண்டுதான் கிளம்பினோம், அதன் பிறகு எங்களிடம் இருந்தவரை அந்தக் காடிக்கு ஸ்பேர் கிடையாது.

உள்ளே இன்னொரு கதை. ஃபோர் பை ஃபோர் தாரில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன கம்பி இருக்கும், நான்கு சக்கரத்துக்கும் இழுப்பு கொடுப்பது அதுதான். 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற மலிவான தாரும் விற்கிறார்கள், அதில் அந்த இடத்தில் சாமான் வைக்கிற ஒரு குழி மட்டுமே இருக்கும். எங்களுக்குக் கொடுத்த நான்கில் மூன்றில் குழிதான். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, போஸ்டர் படத்திலும் வித்தியாசம் தெரியாது.

ரோடு நல்ல ரோடு, அதையும் சொல்ல வேண்டும். ஜெய்ப்பூரிலிருந்து பிக்கானேர் 330 கிலோமீட்டர் இருக்கும், அங்கிருந்து பொக்ரான் வழியாக ஜெய்சால்மர் மறுபடி கிட்டத்தட்ட அதே தூரம். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள், ஆனால் பசுவும் ஒட்டகமும் எதிர்த்திசையில் வரும் டிராக்டரும் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே வரும், இரவில் ஓட்டவே கூடாது. டோல் சாவடியில் நம்ம டச் அண்ட் கோ மாதிரி அங்கே ஃபாஸ்டேக். ஒரு காடியின் ஃபாஸ்டேக்கில் பணம் போடாமலே கொடுத்திருந்தார்கள், சாவடிக்குச் சாவடி இரண்டு மடங்கு கட்டினோம். பிக்கானேர் தாண்டி மரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, பிறகு முட்புதர், பிறகு அதுவும் இல்லாமல் வெறும் வானமும் தரையும் ஆன இடத்தில் லாரி மாமா ஓட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவை அணைக்கச் சொன்னார். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படித்தபோது பாலை என்றால் மனதில் ஒன்றுமே வராது எனக்கு, அன்றுதான் வந்தது.

ஜெய்சால்மர் கோட்டை 1156இல் கட்டியது, மஞ்சள் கல், சாயங்கால வெயிலில் தங்கம் மாதிரி நிற்கும், இன்றைக்கும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். அந்தக் கோட்டைக்குள் எங்கள் பெயரில் ஓர் அறைகூடப் பதிவாகவில்லை. ஊருக்கு வெளியே நான்கு பேருக்கு ஓர் அறை என்று போட்டார்கள், டிசம்பர் குளிரில் போர்வை இரண்டுதான் இருந்தது.

மறுநாள் சாம் மணல் மேடுகள், ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். அங்கே மாட்டிக்கொண்டோம். மணலில் இறங்குவதற்கு முன் டயர் காற்றைக் குறைக்க வேண்டும், 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மேலே மிதக்கும். மெக்கானிக் வருவான், காற்று இறக்கித் திரும்ப அடிக்க பம்ப் கொண்டுவருவான் என்றார்கள், மெக்கானிக்கும் இல்லை பம்ப்பும் இல்லை. திரும்ப அடிக்க வழியில்லாமல் இறக்க பயந்தோம். பின் சக்கர தார்களில் இரண்டு, அச்சு வரை புதைந்தன. கூடாரக்காரர்களின் டிராக்டர் வந்து இழுத்தது, 3,000 ரூபாய்.

அடுத்த நாள் ஜோத்பூர் போகும் வழியில் சோதனை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) 150 வெள்ளி கட்டி எடுத்த அனைத்துலக லைசென்ஸைக் காட்டினோம், அது சரியாக இருந்தது. ஏற்பாட்டாளர் அது எதற்கு, வேண்டாம் என்றார், நல்லவேளை நாங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. காடி யாருடையது என்று அதிகாரி கேட்டார். எங்களில் ஓர் அக்காவுக்கு இந்தி தெரியும். நண்பருடையது என்று சொல்லத் தொடங்கினார், லாரி மாமா அவர் கையைப் பிடித்து, வேணாம்மா, உண்மையைச் சொல்லிரு என்றார். சொன்னோம். நான்கு காடிகளையும் அங்கேயே நிறுத்தினார்கள். வெயிலில் ஐந்து மணி நேரம். கடைசியில் மஞ்சள் பலகை டாக்சிகளைப் பிடித்து ஜோத்பூர் வந்து, மெஹ்ரான்கர் கோட்டையைக் கீழிருந்தே பார்த்துவிட்டு, மிச்ச நாளை டாக்சியிலேயே ஓட்டினோம். தலைக்கு இன்னும் 900 வெள்ளிக்கு மேல் செலவு.

வந்த பிறகு ஏற்பாட்டாளர் இரண்டு மாதம் இதோ அதோ என்றார், பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். போலீஸ் ரிப்போர்ட் செய்திருக்கிறோம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் ஆளாளுக்குத் தனித்தனியாக மனு கொடுத்துவிட்டோம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். கையில் இருந்த ஸ்கிரீன்ஷாட், வங்கிச் சீட்டு, 3117 டயர் படம், நம்பர் பிளேட் படம், டாக்சி ரசீது எல்லாம் ஒரு கோப்பில். இவரிடம் இந்த வாரம்தான் பணம் அனுப்பியவர் யாராவது இருந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் அழையுங்கள், பணம் கைமாறிப் போய்விட்டால் பிடிப்பது கஷ்டம். இன்னும் அனுப்பாதவர்கள் போலீஸின் செமாக் மூல் பக்கத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். இப்போது எங்கள் ரிப்போர்ட்டும் இருக்கிறது.

எங்கள் 14 பேருக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன். தீர்ப்பாயத்தில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் லாரி மாமாவின் பணத்தை மாதாமாதம் நான் கொடுத்துவிடுவேன். அவர் வாங்க மாட்டேன் என்கிறார், அது வேறு விஷயம்.

போஸ்டர் உங்களுக்கும் வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் பச்சை ஜாக்கெட், வெள்ளைத் தாடி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான் லாரி மாமா. அவருக்குப் பின்னால் நிற்கிற காடியின் பலகை வெள்ளை. படம் எடுத்து பத்து நிமிடத்தில் அந்தக் காடிதான் முதலில் புதைந்தது.