பாடசாலை வான்காரருக்கு ஒரு சிறுவர் பாதுகாப்புச் செயலமர்வு: போய் வந்தவன் சொல்கிறேன்

கிளிநொச்சியில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் அரைநாள் செயலமர்வு. பாடசாலை வானும் ஓட்டோவும் ஓடுகிறவர்களுக்கு. 11 வருசமாக வான் ஓடுகிறேன். பிள்ளைகளைப் பற்றி எனக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் போனேன்.

முதல் ஒரு மணித்தியாலம் வீண். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிறகு திரையில் சட்டப் பிரிவுகள். பின்வரிசையில் இரண்டு பேர் நல்ல நித்திரை.

பிளேன்ரீக்குப் பிறகு வந்த வளவாளர் அம்மாதான் ஆள். ஒரு பிள்ளையின் உடல் வரைந்த தாளும் சிவப்புப் பேனையும் ஆளுக்கொன்று தந்தார். "ஓடி விளையாடி விழுந்தால் எங்கே காயம் வரும்? போடுங்கோ." முழங்கால், முழங்கை, நெற்றி, தாடை என்று எல்லோரும் புள்ளி குத்தினோம். பிறகு தாளில் வெறுமையாய்க் கிடந்த இடங்களைத் தொட்டுக் காட்டினார்: காது, கழுத்து, முதுகு, தொடையின் உட்புறம். அங்கே கண்டல் இருந்தால், அதிலும் பெல்ட், வயர் மாதிரி ஒன்றின் அச்சுத் தெரிந்தால், விழுந்த கதையை நம்ப முதல் யோசிக்க வேணுமாம். அந்தத் தாளுக்காகவே போகலாம்.

காயமே இல்லாமலும் துஷ்பிரயோகம் நடக்கும், அதற்கும் அறிகுறிகள் இருக்கும் என்றார். வாயாடிப் பிள்ளை திடீரென்று அடங்கிப் போவது, எங்கிருந்து வந்ததென்று தெரியாத புதுப் போன், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் ஒதுங்குவது, வீட்டுக்குப் போகப் பஞ்சிப்படுவது. ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாதாம். அந்த வீட்டுக்குப் போகப் பஞ்சிப்படுகிற கதைதான் எனக்கு உறைத்தது. போன வருசம் ஒரு பிள்ளை தினமும் கேட்கும்: "மாமா, என்னைக் கடைசியா இறக்கி விடுங்கோ." வானில் சுற்ற ஆசை என்று சிரித்துக்கொண்டு சுற்றினேன். அந்தக் குடும்பம் இப்போது ஊர் மாறிப் போய்விட்டது.

பிள்ளை ஏதாவது சொன்னால் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம், "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், 1929க்கு அடியுங்கோ என்றார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். 24 மணித்தியாலமும் இலவசம், தமிழிலும் கதைக்கலாம். சரி, அடித்த பிறகு? யார் வருவார்கள், என் பெயர் வெளியே வருமா, வானை மறித்து அடிக்க வந்தால் யார் பொறுப்பு? முன்னால் இருந்த ஓட்டோக்கார அண்ணை இதைத்தான் கேட்டார். நேரம் போதாது என்று சோற்றுப் பார்சலைக் கையில் தந்துவிட்டார்கள்.

அடுத்த முறை வைத்தால் விளக்கேற்றலை விட்டுவிட்டு அதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். சனிக்கிழமையும் வேண்டாம், டியூசன் ஓட்டத்தை விட்டுவிட்டு எல்லோராலும் வர முடியாது. சோறு நல்லாயிருந்தது.