எச்.ஐ.வி தடுப்பூசி: கேப்256 வழியா, முன்னோடி செல் வழியா?

டர்பனில் எச்.ஐ.வி தடுப்பூசி பற்றிய முதுகலை ஆய்வுக்கு இரண்டு தலைப்புகள் முன்னால் இருந்தன: இங்கே கண்டெடுத்த கேப்256 ஆன்டிபாடி (வைரஸை முடக்கும் புரதம்) வளர்ந்த பாதையைப் பின்பற்றுவது ஒன்று; ஆன்டிபாடியாக வளரக்கூடிய முன்னோடி செல்களை ஊசியால் தட்டி எழுப்புவது இன்னொன்று. நான் முன்னோடி செல் வழியை எடுத்தேன். "நம்ம ஊரில் கண்டெடுத்ததை விட்டுட்டு கலிபோர்னியாக்காரங்க செஞ்சதை எடுத்திருக்கியே" என்று சாட்ஸ்வொர்த் சித்தப்பாவுக்கு வருத்தம். அவர் கேட்டது நியாயம்தான்.

பழைய பாணித் தடுப்பூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த உஹம்போ தடுப்பூசி சோதனை 2020 பிப்ரவரியில் நின்றது. ஊசி போட்டவர்களில் 129 பேருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 123 பேருக்கும் தொற்று. அதனால் பலவகை எச்.ஐ.வி வைரஸ்களையும் முடக்கும் ஆன்டிபாடியை உடலே உண்டாக்கும்படி செய்தாக வேண்டும்.

கேப்256 என்பது க்வாஸுலு-நடாலில் காப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆய்வு மையம் தொடர்ந்து கவனித்துவந்த ஒரு பெண்ணுக்கான குறியீடு. அவர் உடலில் அப்படிப்பட்ட ஆன்டிபாடி வளர்ந்த பாதையை 2014இல் படிப்படியாக வெளியிட்டார்கள். அந்தப் பாதையைத் தடுப்பூசியால் மறுபடி நடத்துவது முதல் வழி. வரைபடம் கையில் இருப்பது பெரிய பலம்.

ஆனால் எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: அந்த ஆன்டிபாடிக்கான முன்னோடி செல் எல்லோரிடமும் இருக்கிறதா? கேப்256 ஆன்டிபாடியில் 35 அமினோ அமில நீளத்தில் ஒரு வளையம் இருக்கிறது. வழக்கமானதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வைரஸின் சர்க்கரைப் போர்வையை ஊடுருவ அந்த நீளம் வேண்டும். அது பிறகு வளர்ந்ததல்ல, ஆன்டிபாடியைச் செய்யும் பி செல் உருவாகும்போதே மரபணுத் துண்டுகள் சேர்ந்த விதத்தில் வந்தது. இன்னொருவர் உடலில் அப்படி ஒரு செல் கிடைப்பது அரிது. செல்லே இல்லாதவருக்கு எவ்வளவு நல்ல ஊசி போட்டும் என்ன பயன்?

இரண்டாவது வழி குறிவைக்கும் விஆர்சி01 வகை ஆன்டிபாடி விஎச்1-2 என்ற மரபணுவிலிருந்து வருகிறது, அது பெரும்பாலானவர்களிடம் உண்டு. அதன் முன்னோடி செல்கள் பி செல்களில் சுமார் மூன்று லட்சத்தில் ஒன்றுதான், ஆனாலும் இருக்கின்றன. அவற்றைத் தட்டி எழுப்பவே இஓடி-ஜிடி8 என்ற தடுப்பூசித் துகளை வடிவமைத்தார்கள். மனிதர்களில் அதை முதலில் போட்டுப் பார்த்த ஜி001 சோதனையில் தடுப்பூசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் அது பலித்தது. பலிக்காத ஒருவரிடம் அந்த மரபணுவின் பொருத்தமான வடிவம் இல்லை. அப்புறம் ருவாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஜி003 சோதனையிலும் பெரும்பாலானவர்களிடம் அந்தச் செல்கள் விழித்தன. இங்குள்ளவர்களிடமும் வேலை செய்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

இது முதல் படிதான். அடுத்தடுத்து வேறு வேறு ஊசிகள் போட்டு அந்தச் செல்லை வழிநடத்த வேண்டும்; முழுப் பாதுகாப்பு வரை மனிதர்களில் இன்னும் யாரும் போகவில்லை. அந்தத் துகளை எம்ஆர்என்ஏ ஊசியாகப் போட்ட சோதனைகளில் சிலருக்குத் தோல் தடிப்பும் வந்தது. கிளினிக்குக்கு இத்தனை முறை மக்கள் வருவார்களா என்பதை ஆய்வக மேசையிலிருந்து நான் சொல்ல முடியாது.

சித்தப்பாவுக்கு ஒன்று சொன்னேன்: கேப்256 வீணாகவில்லை. அந்த ஆன்டிபாடியையே தயாரித்து ஊசியாகப் போடும் சோதனையை காப்ரிசா நடத்தியிருக்கிறது. அதற்கு முன்னோடி செல்லே தேவையில்லை.