ஜாவாவில் அரேயை லிஸ்ட் ஆக்குதல்: எந்த வழி நல்லது?

ஜாவா நிரல் மொழியில் அரே என்பது நீளம் மாறாத வரிசை, லிஸ்ட் என்பது பொதுவாக நீளம் மாறக்கூடிய வரிசை. லிஸ்ட் கேட்கும் மெத்தடுக்கு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) அரேயைக் கொடுத்தால் ஜாவா கம்பைலர் அங்கேயே மறுத்துவிடும். காஸ்ட் செய்தும், அதாவது இதை லிஸ்டாகவே எடுத்துக்கொள் என்று சொல்லியும் தப்ப முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். வழக்கத்தில் உள்ள மூன்று வழிகளும் அந்தப் பிழையை நீக்கிவிடும். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் முதலில் எழுதுவது அரேஸ்.ஆஸ்லிஸ்ட். இது நகல் எடுப்பதில்லை. இருக்கிற அரேயின் மேலேயே லிஸ்ட் என்ற போர்வையைப் போர்த்துகிறது. செட் மூலம் ஒரு மதிப்பை மாற்றினால் மூல அரேயும் மாறும். ஆட் மூலம் ஒன்றைச் சேர்த்தாலோ, நிரல் ஓடும்போது அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்செப்ஷன் என்ற பிழை வரும். மதிப்பை மாற்றலாம், நீளத்தை மாற்றக் கூடாது என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலை எனக்குப் பிடிக்கவில்லை.

2017-ல் ஜாவா 9-உடன் வந்த லிஸ்ட்.ஆஃப் தெளிவானது: தனி நகல், எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஆனால் அரேயில் ஒரு நல் (மதிப்பு இல்லை என்பதன் குறி) இருந்தாலும் நல் பாயின்டர் எக்செப்ஷன்தான்.

ஆஸ்லிஸ்ட் தருவதைப் புதிய அரேலிஸ்டுக்குள் போடுவது மூன்றாவது வழி. எழுதக் கொஞ்சம் நீளம், நகலெடுக்கும் செலவும் உண்டு. ஆனால் சேர்க்கலாம், நீக்கலாம், நல் இருக்கலாம், மூல அரேயும் அப்படியே இருக்கும். லிஸ்டை மாற்றும் தேவை இருந்தால் இதைத்தான் எழுதுவேன். படிக்க மட்டும் என்றால் லிஸ்ட்.ஆஃப்.

இன்ட் (முழு எண்) அரே வந்தால் கதையே வேறு. 5, 10, 15 உள்ள இன்ட் அரேயை ஆஸ்லிஸ்டில் போட்டு, அதே வரியில் கன்டெய்ன்ஸ் மூலம் 10 இருக்கிறதா என்று கேளுங்கள்: ஃபால்ஸ் என்று வரும். லிஸ்டின் உறுப்பு வகையைக் குறிக்கும் ஜெனரிக்ஸ், இன்ட் போன்ற அடிப்படை வகைகளை ஏற்காது. அதனால் முழு அரேயுமே ஒற்றை உறுப்பாக லிஸ்டில் உட்கார்ந்துவிடுகிறது. கம்பைலரும் வாய் திறக்காது. முடிவை இன்டிஜர் (இன்டின் ஆப்ஜெக்ட் வடிவம்) லிஸ்ட் என்று அறிவித்த மாறியில் வாங்கினால்தான் பிழை வெளிப்படும். லிஸ்ட்.ஆஃப்பிலும் இதே சிக்கல்தான். இங்கே சரியான வழி அரேஸ்.ஸ்ட்ரீம், பிறகு பாக்ஸ்ட் (இன்டை இன்டிஜர் ஆக்குவது), பிறகு டூலிஸ்ட். இந்த டூலிஸ்ட் ஜாவா 16-ல் வந்தது. அது தரும் லிஸ்டையும் மாற்ற முடியாது.

லிஸ்டிலிருந்து அரேக்குத் திரும்பும்போது வெறும் டூஅரே ஆப்ஜெக்ட் அரேயைத்தான் தரும். அதை ஸ்ட்ரிங் அரேயாகக் காஸ்ட் செய்தால் கம்பைல் ஆகும், ஓடும்போது உடையும். நீளம் பூஜ்யமான ஸ்ட்ரிங் அரே ஒன்றை டூஅரேக்குள் கொடுத்துவிடுங்கள். வகை சரியாக வரும்.