பெரிய அமைப்புக்குக் கீழ பார்ட்னரா, நாலு சின்ன டிரஸ்ட் சேர்ந்த கூட்டா?

முதல்லயே சொல்லிடுறேன், நாங்க கூட்டு பக்கம் போய் மூணு சீசன் ஆச்சு, அதனால இதுல நடுநிலை எல்லாம் எதிர்பாக்காதீங்க. வேதாரண்யம் பக்கம் காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை ஊர்கள்ல குளம் தூர்வாருறது, மதகு சரி பண்றது, கஜா புயல்ல சாஞ்ச தோப்புகள்ல மறுபடி தென்னங்கன்னு வைக்கிறதுன்னு வேலை பாக்குற சின்ன டிரஸ்ட் எங்களோடது. சம்பளத்துல இருக்கிறது அஞ்சு பேர், அதுல ஒருத்தர் கணக்குக்கே சரியா போயிடுறார். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு மூணு வழிதான் இருக்கு. ஒண்ணு, பெரிய தேசிய அல்லது சர்வதேச அமைப்புக்குக் கீழ பார்ட்னரா போறது. ரெண்டு, கம்பெனிங்க சமூக வேலைக்குன்னு லாபத்துல ஒதுக்குற சி.எஸ்.ஆர் பணம். மூணு, அக்கம்பக்கத்து டிரஸ்டுகளோட சேர்ந்து கூட்டா வேலை பாக்குறது. மூணையும் பாத்தாச்சு.

பெரிய அமைப்போட நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிட்டு போறேன். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா கரையைக் கடந்தப்போ எங்க கையில இருந்த பணத்துக்கு நூறு தார்ப்பாய் கூட வாங்கியிருக்க முடியாது, ஒரு பெரிய அமைப்புதான் லாரி லாரியா இறக்குச்சு. மூணு கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டு பாத்துதான் பொருள் வாங்கணும்ங்கிறது, வவுச்சர எப்படி ஃபைல் பண்றதுங்கிறது, இதெல்லாம் அவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். அந்த நன்றி இருக்கு.

ஆனா 2020 செப்டம்பர் கடைசியில எஃப்.சி.ஆர்.ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல திருத்தம் வந்ததும் ஆட்டமே மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி வெளிநாட்டு நிதி வாங்குற பெரிய அமைப்பு, அதே எஃப்.சி.ஆர்.ஏ பதிவு வச்சிருக்கிற சின்ன அமைப்புக்கு அதுல ஒரு பங்க மாத்தி விடலாம், இப்போ ஒரு ரூபா கூட கைமாத்த முடியாது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரைக்கும் இருந்தத 20 ஆக்கிட்டாங்க, வெளிநாட்டுப் பணம் எல்லாருக்கும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல ஒரு கணக்குக்குத்தான் வரணும். விளைவு என்னன்னா, பெரியவங்க அவங்க பேர்லயே ஆள் எடுத்து அவங்க பேர்லயே பில் போட்டு வேலை பாக்குறாங்க, நாங்க ஊர்க்கூட்டத்துக்கு ஆள் கூட்டிட்டு வர்றவங்க. எம்.ஓ.யூல, அதாவது ஒப்பந்தத்துல, பார்ட்னர்னு போட்டிருக்கும், ஜமுக்காளம் விரிக்கிறவனுக்கும் எங்களுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது. இத்தனைக்கும் 2016ல இஸ்தான்புல் மாநாட்டுல, மனிதாபிமான நிதியில 25 சதவீதத்த முடிஞ்ச அளவு நேரடியா உள்ளூர் அமைப்புகள் கைக்கு கொண்டு போவோம், 2020க்குள்ள முடிப்போம்னு பெரிய நாடுகளும் ஐ.நா அமைப்புகளும் ஒத்துக்கிட்டாங்க, பக்கத்துல கூட வரல.

சி.எஸ்.ஆர் பத்தி ரெண்டு விஷயம் மட்டும். ஒண்ணு, உங்க பட்ஜெட்ல கணக்காளர் சம்பளம், ஆபீஸ் வாடகை போட்டா "5 சதவீதத்துக்கு மேல சட்டத்துல இடமில்ல சார்"னு சொல்லுவாங்க. அந்த 5 சதவீதம் கம்பெனி தன்னோட சி.எஸ்.ஆர் வேலைய நிர்வாகம் பண்ற செலவுக்கான வரம்பு, உங்க டிரஸ்டோட செலவுக்கு வச்சது கிடையாது, விதியை பிரிண்ட் எடுத்துட்டு போய் பேசுங்க, சில பேர் இறங்கி வருவாங்க. ரெண்டு, நிதியாண்டு முடியுற மார்ச் 31. பல வருஷ திட்டம்னா செலவாகாத பணத்த ஏப்ரல் 30க்குள்ள தனிக் கணக்குக்கு மாத்தி அடுத்த மூணு வருஷத்துல செலவு பண்ண சட்டத்துலயே வழி இருக்கு, ஆனா நாங்க பாத்த ரெண்டு கம்பெனியிலயும் அந்த தலைவலி யாருக்கும் வேண்டாம், மார்ச்சுக்குள்ள யூ.சி (பணத்த செலவு பண்ணதுக்கான சான்று) கொடு, போட்டோ கொடு, அவ்வளவுதான்.

இப்போ எங்களுக்கு முடிவ எடுத்துக் கொடுத்த விஷயத்துக்கு வர்றேன். பணம் எவ்வளவுங்கிறத விட பணம் எந்த மாசம் வருதுங்கிறதுதான் அது.

கடைமடையில குளம் தூர்வார வருஷத்துக்கு ஒரே ஒரு இடைவெளிதான் இருக்கு. தை, மாசியில சம்பா அறுப்பு, குளத்துல தண்ணி கிடக்கும். பங்குனி கடைசியில வத்தும், சித்திரை, வைகாசியில தரை காஞ்சு பொக்லைன் இறங்கும். மேட்டூர் ஜூன் 12 திறக்கணும்ங்கிறது கணக்கு, சில வருஷம் முன்ன பின்ன ஆகும், தண்ணி எங்க ஊர் வந்து சேர இன்னும் நாளாகும். எப்படி இழுத்துப் பிடிச்சாலும் எழுபது எண்பது நாள்தான் கிடைக்கும், அதுக்குள்ள அளவெடுக்கணும், அனுமதி வாங்கணும், ஆக்கிரமிப்பு பிரச்சனைய ஊர்ல உக்காந்து பேசணும், கருவேலத்த புடுங்கணும், அப்புறம்தான் மண்ணுல கை வைக்க முடியும்.

ஒரு பெரிய அமைப்போட சேந்து செஞ்ச வருஷம் புரபோசல் கார்த்திகையில போச்சு. மாநில ஆபீஸ், தலைமை ஆபீஸ், மறுபடி பட்ஜெட்ல திருத்தம், எம்.ஓ.யூல ஒரு வரி மாத்தணும்னு வக்கீல்கிட்ட, அப்படியே சுத்தி முதல் தவணை ரிலீஸ் ஆகுறப்போ ஆடி மாசம். குளத்துல தண்ணி நிக்குது. சரி அடுத்த சித்திரையில செய்யுறோம், அதுவரைக்கும் பணத்த வச்சுக்கோங்கன்னு சொன்னா, இல்ல இந்த காலாண்டுக்குள்ள செலவு காட்டணும், ஆக்டிவிட்டிய மாத்தி எழுதிக் கொடுங்கன்னாங்க. கடைசியில அந்தப் பணம் நீர் மேலாண்மை விழிப்புணர்வு கூட்டமா மாறிடுச்சு, பேனர், சாப்பாட்டுப் பொட்டலம், வருகைப் பதிவேட்டுல கையெழுத்து. தண்ணிய பத்தி எங்களுக்கே பாடம் எடுக்கக்கூடிய விவசாயிகள உக்கார வச்சு நாங்க விழிப்புணர்வு கொடுத்தோம். அதுல ஒரு பெரியவர் எந்திரிச்சு "தம்பி, குளத்த எப்ப வெட்டுவீங்க?"ன்னு கேட்டது இன்னும் காதுல நிக்குது. யாரும் கெட்டவங்க இல்ல, அவங்க காலண்டரும் காவிரி காலண்டரும் வேற வேற, அவ்வளவுதான். சி.எஸ்.ஆர்ல இதே கதை தலைகீழா நடக்கும், மார்ச்சுக்குள்ள முடிச்ச போட்டோ கேப்பாங்க, அப்போ குளத்துல முழங்கால் அளவு தண்ணி நிக்கும்.

கூட்டுல இது எப்படி மாறுச்சுன்னா, சட்டப்படி வெளிநாட்டுப் பணம்தான் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு போகக் கூடாது, வேலை போகலாம். நாலு டிரஸ்ட், நாலு விதமான பணம். ஒருத்தருக்கு எஃப்.சி.ஆர்.ஏ பதிவு இருக்கு, ஒருத்தருக்கு சி.எஸ்.ஆர், எங்களுக்கு உள்ளூர் நன்கொடை, நாலாவது ஆளுக்கு சிங்கப்பூர், வளைகுடா போன ஊர்ப் பிள்ளைங்க அனுப்புறது. (இதுல ஒரு நுணுக்கம், இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிற பையன் தன் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது, அதே பையன் அந்த ஊர் குடியுரிமை வாங்கிட்டா வரும். நன்கொடை வாங்குறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் காப்பி கேளுங்க.) பொங்கல் முடிஞ்சதும் நாலு பேரும் உக்காந்து யாருக்கு எந்த மாசம் பணம் வருதுன்னு ஒரு தாள்ல எழுதுவோம். சித்திரையில யார் பணம் கையில இருக்கோ அவங்க குளத்துக்கு எல்லா ஆளும் போவோம், எங்க டிப்ளமோ சிவில் படிச்ச பொண்ணு நாலு டிரஸ்ட் குளத்தையும் அளக்கும், இன்னொரு டிரஸ்டுல தாலுகா ஆபீஸ் நடைமுறை அத்துப்படியான ஒரு அண்ணன் இருக்கார், அனுமதிக்கு எல்லாருக்கும் அவர்தான் அலைவார். பில் அந்தந்த டிரஸ்ட் பேர்லயே, காசு கலக்காது. யார் யாருக்கு எத்தனை ஆள்நாள் கொடுத்தாங்கன்னு ஒரு நோட்டு, அதுக்கு நாங்க வச்ச பேரே மொய் நோட்டு. போன மூணு சீசன்ல பணம் லேட்டாச்சுங்கிறதுக்காக ஒரு குளம் கூட கூட்டமா மாறல.

இது ஒண்ணும் புதுசு இல்ல. சுனாமிக்கு அப்புறம் நாகையில இத விட பெருசா செஞ்சிருக்காங்க. தமிழ்நாட்டுல இறந்த சுமார் 8,000 பேர்ல 6,000 பேருக்கு மேல நாகை மாவட்டம், உதவ வந்த அமைப்புகளுக்கு கணக்கே இல்ல, அப்போ ஸ்நேகாங்கிற தொண்டு அமைப்பும் சிஃப்ஸ் மீனவர் கூட்டமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோட சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் நடத்துனாங்க, யார் எந்த ஊர்ல என்ன செய்யுறாங்கன்னு தகவல் ஒரு இடத்துல கிடைச்சுச்சு. அப்படி இருந்தும் ஃபைபர் படக ஆளாளுக்கு கொடுத்து கடல் தாங்காத அளவுக்கு படகு ஆயிடுச்சு, ஏன்னா படகு கொடுத்தா போட்டோ நல்லா வரும். ஒருங்கிணைப்பு எல்லாத்தையும் தடுத்துடாது, அதையும் சொல்லணும்ல.

எங்க கூட்டுலயும் ஓட்டை இருக்கு. முதல் வருஷம் பெரிய சண்டை குளத்தங்கரை போர்டுல யார் பேர் மேலங்கிறதுக்கு வந்துச்சு, இப்போ அகர வரிசை, அப்படியும் ஒருத்தருக்கு மனசு ஆறல. ஒரு டிரஸ்ட் ஆடிட்டுல மாட்டி நாலு மாசம் ஒதுங்கி நின்னப்போ மொய் நோட்டு ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு, இன்னும் நேராகல. இது நாலு டிரஸ்ட் தலைவருங்களும் டீக்கடையில உக்காந்து பேசுற அளவுக்கு பழக்கம் இருக்கிறதால ஓடுது, அடுத்த தலைமுறைக்கு ஓடுமான்னு கேட்டா கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். முக்கியமா இன்னொரு கஜா வரல, வந்தா முதல் பத்து நாளைக்கு எங்களுக்கு பெரிய அமைப்போட லாரி வேணும்.

அதனால கதவ மூடிடல. இந்த வருஷம் ஒரு பெரிய அமைப்பு ரெண்டு குளத்துக்கு கேட்டு வந்தாங்க. எம்.ஓ.யூல ஒரே ஒரு வரி சேக்கச் சொன்னோம், ஏப்ரல் 15க்குள்ள பொக்லைனுக்கு ஆர்டர் போடலன்னா வேலை அடுத்த ஏப்ரலுக்கு தள்ளும், ஆக்டிவிட்டி மாறாது. வக்கீலுக்கு அனுப்பியிருக்கோம்னு சொன்னாங்க. மாசி பாதி போயிடுச்சு, பதில் வரல, அந்த ரெண்டு குளத்துக்கும் தாள்ல நாலாவது டிரஸ்ட் பேர பென்சில்ல எழுதி வச்சிருக்கோம்.